கூட நின்றவர்களுக்கு ஒரு வேட்டி

காஜா பேராங், மலாக்கா
5-1-58

கோத்தா பாரு ஆஸ்பத்திரியில் மிஸி உத்தியோகம் பார்க்கும் மகள் கோகிலாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் நீ வளர்த்த கிழட்டுப் பூனையும் உயிரோடும் பசியோடும் இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமை தவறாமல் ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையாரைத் தொந்தரவு பண்ணிக்கொண்டிருக்கிறேன். உன் கடிதம் கிடைத்தது. இளைத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய், நான் நம்பவில்லை. அந்த ஊர்க் கிளந்தான்காரர்கள் மீன் குழம்புக்கே சீனி போடுகிறவர்களாம், அதைத் தின்று நீ பெருத்து வந்து நின்றால் நிலைப்படியை இடித்துத்தான் உள்ளே விட வேண்டியிருக்கும். அப்பா நகராட்சிக் குழாய் வேலைக்குப் போய்வருகிறார், முட்டிவலி இருக்கிறது, தைலம் தேய்த்தால் நாற்றமாம், தேய்க்காவிட்டால் வலியாம், நான் என்ன செய்வது. நீ விட்டுப்போன சைக்கிளை ஞாயிறு தோறும் துடைத்து எண்ணெய் போட்டு, ஏறி ஓட்டத் தெரியாமல் சடக்கு ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்த் திரும்பத் தள்ளிக்கொண்டு வருகிறார். செட்டி கம்பத்து பீபிக் கிழவி ஒருத்தி பார்த்துவிட்டு, இதென்ன ஆட்டுக்குட்டியா, மேய்த்துக் கூட்டிவருகிறாரே என்று மலாயில் கேட்டாள். நான் சிரித்த சிரிப்பில் அப்பா ராத்திரி சாப்பிட வரவில்லை. சிரித்தாயா, போதும், இனி விஷயத்துக்கு வருகிறேன், இதில் சிரிக்க அவ்வளவாக இல்லை.

போன செவ்வாய்க்கிழமை நம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. நம் வாசலில் கார் நின்றால் ஒன்று வழி தப்பியிருக்க வேண்டும், இல்லை யாராவது செத்திருக்க வேண்டும். இறங்கினவர் துணிக்கடை பொன்னுதுரை, உன் பழைய தரும ஆஸ்பத்திரியின் கமிட்டித் தலைவர். கையில் கூடை நிறைய ஆப்பிள். வீட்டில் இருக்கிற ஒரே நல்ல நாற்காலியில் உட்கார்ந்தார், அது போட்ட சத்தத்தில் எனக்கு அவர் மேல் இருந்த கோபம் கொஞ்ச நேரம் நாற்காலி மேல் இரக்கமாக மாறிவிட்டது. 'என்னம்மா பாக்கியம், மக சுகமா இருக்கா?' என்றார். டாக்டர் மேல் பழி சொன்ன மிஸிக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் இடமில்லை என்று கமிட்டியில் வைத்து உன்னை வெளியே அனுப்பின அதே வாய். 'சுகந்தான் சார், ஒங்க புண்ணியத்துல நாலு ஊரு பாத்துட்டா' என்றேன். அவர் வந்த காரியம் இது. நீ கோலாலம்பூருக்கு எழுதிப்போட்ட மனுவை விசாரிக்க அங்கிருந்து ஒரு பெரிய டாக்டர் பொங்கல் கழிந்து வருகிறாராம். அதற்குள் நீ, பதற்றத்தில் தப்பாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும் என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். அனுப்பினால் நீ இங்கே வேலை பார்த்ததற்கு நல்லபடியாகச் சான்றிதழ் தருவார்களாம். அது இல்லாமல் கோத்தா பாருவில் உன்னை நிரந்தரமாக்க மாட்டார்கள் என்பதுவரை விசாரித்து வைத்திருக்கிறார், அப்படி விசாரிக்கத் தெரிந்த மனிதர்தான். 'வெள்ளக்காரன் போனப்புறம் அந்த டாக்டரு நாக்காலியில நம்மாளு ஒருத்தரு உக்காந்திருக்காரு. சொதந்திரக் கொடி ஏத்தி அஞ்சு மாசங்கூட ஆகல. நம்ம கையாலயே அவரப் புடிச்சுத் தள்ளுனா, ஒங்களுக்கெல்லாம் எதுக்குடா மெர்டேக்கான்னு அவன் சிரிக்க மாட்டானா?' என்று கேட்டார். 'உக்காந்திருந்தாத்தானே சார் தள்ளுறதுக்கு? அன்னிக்கு அவரு அந்த நாக்காலியில இல்லாததுதானே இப்ப பேச்சு' என்றேன். அப்பா என்னை முறைத்தார். பொன்னுதுரை சிரித்தார், 'ஒனக்கு இன்னும் இந்த வாயி போகல' என்று சொல்லிவிட்டு எழுந்தார். மகளுக்கு எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன், என்ன எழுதுவேன் என்று அவரும் கேட்கவில்லை நானும் சொல்லவில்லை. கார் போன பிறகு அப்பா, எழுதச் சொல்லிவிடு பாக்கியம், பிள்ளை பிழைக்கட்டும் என்றார். ஒரு ஆப்பிளைக் கடித்துப் பார்த்து, இனிப்பே இல்லை என்று முகத்தைச் சுளித்தார். மிச்சத்தை பக்கத்து வீட்டு ஆட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டேன்.

அந்த நாளை ஊரில் இப்போது எப்படிச் சொல்கிறார்கள் தெரியுமா. மெய்யம்மை ஆச்சி மருமகள் சிகப்பிக்குப் புதன்கிழமை உச்சிப் பொழுதில் பிரசவ வலி எடுத்தது, ராகு காலம் போகட்டும் என்று ஆச்சி ஒன்றரை மணி வரைக்கும் அவளை வீட்டிலேயே வைத்திருந்தாள், அதனால் காலம் கடந்துபோய் டாக்டர் எவ்வளவு போராடியும் காப்பாற்ற முடியவில்லை. பாசாரில் மீன் வெட்டுகிறவன்கூட இதைத்தான் சொல்லிக்கொண்டு வெட்டுகிறான். டாக்டர் ராஜரத்தினமே ஆச்சியிடம், 'நீங்க ராகு காலம் பாத்துக்கிட்டு இருந்துட்டு வந்தீங்க, நான் என்னம்மா பண்றது' என்றாராம். நீ என்ன சொன்னாய், சிகப்பி திரிஷா வண்டியை விட்டு இறங்கித் தன் காலால் நடந்து வந்தாள், உன்னைப் பார்த்துச் சிரித்தாள், பெண் பிள்ளை பிறந்து நன்றாக அழுதது, அதற்குப் பிறகுதான் ரத்தம் நிற்கவில்லை, டாக்டருக்குப் போன் போட்டாய், மறுபடியும் போட்டாய், ஆயாவை அனுப்பினாய், விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் அவர் வந்தார், அப்போது அவர் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. வீட்டில் காத்திருந்ததில் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆஸ்பத்திரியில் காத்திருந்ததில்தான் ஆனது என்று கமிட்டியில் சொன்னாய். காதில் வாங்க ஆளில்லை. ராகு காலம் என்றால் எல்லோருக்கும் உடனே புரிந்துவிடுகிறது, டாக்டர் வரவில்லை என்றால் மட்டும் ஒருத்தருக்கும் புரியமாட்டேன் என்கிறது.

ஆச்சியைப் பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. எனக்கும் நான் கூடையில் விற்கிற இடியப்பத்துக்கும் எத்தனை குறை சொல்லுவாள், மாவு சரியாக வேகவில்லை, தேங்காய் முற்றல், நானும் பதிலுக்கு உங்கள் பல்லுக்குத்தான் வயசாகிவிட்டது ஆச்சி என்பேன். இப்போது கொடுத்ததை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறாள். பிள்ளையார் கோயிலில் போய்த் தோப்புக்கரணம் போடுகிறாள், அந்த வயதில், அந்த உடம்பை வைத்துக்கொண்டு, குருக்கள் வந்து கையைப் பிடித்து நிறுத்துகிற வரைக்கும் போடுகிறாள். மகன் சுப்புராமன் தாயோடு பேச்சை விட்டுவிட்டான், தண்ணீர் வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துக் கேட்கிறான். நாங்கள்தான் தாமதித்துக் கொண்டுவந்தோம் என்று கமிட்டிக்குக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறான், தாயையும் பிள்ளையையும் வருகிற தை மாதத்திலேயே கப்பலேற்றி ஊருக்கு அனுப்புகிறான். அவனைத் திட்டலாம் என்று நினைத்தேன், வட்டிக்கடைக் கிட்டங்கியில் கணக்கெழுதிவிட்டுக் குனிந்த தலையோடு அவன் நடந்து போவதைப் பார்த்தால் கூப்பிட்டு இடியப்பம்தான் கட்டிக் கொடுக்கிறேன்.

இனி நான் எழுதுவது உனக்குத் தெரியாதது, படித்துவிட்டுக் கடிதத்தைப் பத்திரமாக வை. உன் ஆஸ்பத்திரி ஆயா ரோஷன் பீவியின் மகளுக்கு இது நிறைமாசம். நான் இடியப்பம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பிரசவத்துக்கு என்ன செலவு உனக்கு, உன் ஆஸ்பத்திரி, உன் டாக்டர், ராணி மாதிரி பார்த்துக்கொள்ளுவார்கள் என்று வழக்கம் போலச் சீண்டினேன். ரோஷன் பீவி முகம் செத்துப்போய்விட்டது. 'ரப்பே, அந்த வாசப்படிக்கே எம்மவளக் கொண்டுபோக மாட்டேன்க்கா, கவுர்மெண்டு ஆஸ்பத்திரிக்குத்தான்' என்றாள். சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள், பொத்தி என்ன பிரயோஜனம், நான் எழுந்து போகிற ஆளா. அடுக்களையில் உட்கார்ந்துகொண்டேன். அவளே ஆரம்பித்தாள். 'ஒம்மவ அனுப்பி நாந்தான்க்கா போனேன். டாக்டரு வீட்டுல இல்ல, பொன்னுதுரை சாரு பங்களாவுலன்னாங்க. அங்க போனா, புல்லுல நாக்காலிய வரிசையாப் போட்டுக் கமிட்டிக்காரங்க எல்லாரும் உக்காந்திருக்காங்க, சுதந்திர மலருக்குப் படம் புடிக்கிறாங்க, டாக்டரு நடுவுல மாலையோட இருக்காரு. ரத்தம் நிக்கல, மிஸி ஒடனே வரச் சொன்னாங்கன்னேன். எந்திரிச்சாருக்கா, பொய் சொல்லக் கூடாது, எந்திரிச்சாரு. பொன்னுதுரை சாருதான் கையப் புடிச்சு, வெளிச்சம் போயிரும் டாக்டரு, பிரசவத்துக்குப் பொம்பளைங்க பதறுறது புதுசா, ஒரு படம் எடுத்துட்டுப் போங்கன்னாரு. உக்காந்துட்டாரு. என்னய வாசல்ல நிக்கச் சொன்னாங்க. அப்புறம் டீ குடிச்சாங்க.' அவ்வளவுதான் சொன்னாள். உன்னிடம் வந்து, டாக்டர் வருகிறார் என்று மட்டும் சொல்லச் சொன்னார்களாம், சொல்லிவிட்டாள். அந்த மலர் இப்போது கடைக்குக் கடை தொங்குகிறது, கருவேப்பிலை வாங்கப் போன இடத்தில் நானே புரட்டிப் பார்த்து, டாக்டர் என்ன எடுப்பாக இருக்கிறார் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தவள்தான். உன்னை நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்களே, அத்தனை பேரும் அன்றைக்கு அந்தப் புல்லில் உட்கார்ந்திருந்தவர்கள். உனக்கு மட்டும்தான் அது தெரியாது, அவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டுதான் உன்னைக் கேட்டிருக்கிறார்கள். ரோஷன் பீவியின் பேரை நீ எங்கும் எழுதிவிடாதே. அவள் மகன் பொன்னுதுரை கடையில் துணி அளக்கிறான். சாட்சி சொல்ல வருவாயா என்று கேட்டேன், என் காலைப் பிடித்துக்கொண்டாள். விட்டுவிட்டேன்.

ஆனால் ஆச்சியிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. யார் சொன்னது என்று கேட்கக் கூடாது என்று முதலிலேயே சத்தியம் வாங்கிக்கொண்டு, அன்றைக்கு டாக்டர் உள்ளே இல்லை ஆச்சி, விளக்கு வைக்கிறவரைக்கும் வரவே இல்லை, என் மகள் சொன்னது பொய்யில்லை, அவர் படம் பிடித்துக்கொள்ள உட்கார்ந்திருந்தார் என்றேன். ஆச்சி பிள்ளைக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள், பாலாடையைக் கீழே வைத்துவிட்டாள். அன்றைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளிடம் மேட்ரன் வந்து வந்து, டாக்டர் உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். நீ உள்ளே ஓடிக்கொண்டிருந்தாய், உனக்கு எப்படித் தெரியும். ஆச்சி சொன்னதைக் கேள். 'டாக்டரு கையில தெம்பக் குடு, டாக்டரு கையில தெம்பக் குடுன்னு புள்ளையாருக்கிட்ட வேண்டிக்கிட்டே உக்காந்திருந்தேனேடி பாக்கியம். சிகப்பிக்குன்னு ஒரு வார்த்த கேக்கலயே. எல்லாத்தையும் அந்த மனுசன் கைக்கே கேட்டேனே' என்றாள். நான் பாலாடையை எடுத்துப் பிள்ளைக்கு மிச்சப் பாலைப் புகட்டினேன்.

மறுநாள் காலையில் கூடையோடு நான் கிளம்புகிற நேரம் ஆச்சி வாசலில் நிற்கிறாள், முகம் கழுவி, வெள்ளைச் சீலை கட்டி. 'கூடைய வச்சுட்டு வாடி' என்றாள். தெருமுனைச் சீனன் திரிஷாவில் ஏறி டாக்டர் வீட்டுக்குப் போனோம். காலை நேரத்தில் வீட்டு வராந்தாவில்தான் ஆள் பார்க்கிறார், பெஞ்சு நிறைய ஆட்கள். டாக்டர் வெளியே வந்து, 'வாங்க ஆச்சி, ஒடம்புக்கு என்ன?' என்றார். 'ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. கருமாதிக்குக் கூட நின்னவுகளுக்கெல்லாம் வேட்டி துண்டு குடுக்கறது எங்க முறை. போராடுனீகன்னு சொன்னாக, ஒங்களுக்கும் கொண்டாந்து குடுத்தேன். நீங்க கூட நிக்கல. அதத் திருப்பிக் குடுங்க' என்றாள். சத்தம் போடவில்லை கோகிலா, கடையில் மாற்றிக் கொடுத்த சாமானைத் திருப்பிக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். கொடுத்த வேட்டியைத் திருப்பிக் கேட்ட ஒருத்தியை இந்த மலாக்காவில் நான் பார்த்ததில்லை. டாக்டர் பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், 'ஆச்சிக்கு மனசு சரியில்ல, உள்ள வாங்க, ஒரு ஊசி போட்டா நல்லாத் தூக்கம் வரும்' என்றார். 'தூங்குறதுக்கு வரல. வேட்டிக்கு வந்தேன்' என்றாள். அந்த அம்மாள், டாக்டர் பெண்சாதி, உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள், மடிப்புக் கலையவில்லை, பொன்னுதுரை கடைக் காகிதம்கூடப் பிரிக்காமல் இருந்தது. எதற்கு வாங்கினோம் என்றே அவர்களுக்கு நினைவிருந்திருக்காது. வெளியே வந்து ஆச்சி அதைத் திரிஷாக்காரச் சீனனிடம் கொடுத்தாள். அன்றைக்கு இவன்தான் சிகப்பியைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டுவிட்டு, வேறு சவாரிக்குப் போகாமல் ராத்திரி வரைக்கும் வாசலிலேயே நின்றவன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பெடலை மிதித்தான். நான் திரும்பிப் பார்த்தேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவும் கேட்டுவிட்டு. உள்ளே இருந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள், காலில் கட்டுப் போட்டிருந்த ஒருவர் எழுந்து உள்ளே போனார். நம்மாள் டாக்டர், நம் பெஞ்சு, நம் ஜனங்கள். வெள்ளைக்காரன் இருந்திருந்தால் வெளியே வந்து நாலு திட்டாவது திட்டியிருப்பார்கள்.

அதற்குப் பிறகு ஊரில் இரண்டு கதை ஆகிவிட்டது. ஒன்று ராகு காலம், இன்னொன்று, கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது, இடியப்பக்காரி தூண்டிவிடுகிறாள் என்பது. துணிக்கடைத் தெருவில் என் கூடையை இறக்கவிடுவதில்லை, நானும் சத்தம் போட்டுக் கூவிக்கொண்டே அந்தத் தெருவைக் கடந்து போகிறேன், வாசமாவது பிடிக்கட்டும். சுப்புராமன் கப்பல் டிக்கெட்டை முன்னுக்குத் தள்ளிவிட்டான். நேற்று ஆச்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். என் மடியில் விட்டாள், பிள்ளை என் தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. ஆச்சி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 'ஊருக்குப் போனா இதப் பாத்து என்ன சொல்லுவாக தெரியுமாடி? ஆத்தாள முழுங்கிட்டுப் பொறந்ததும்பாக. இல்லன்னு நான் சொன்னா, பேத்திக்காகக் கெழவி பேசுறாம்பாக. நான் எத்தன நாளைக்கு இருந்து சொல்லுவேன்? ஒம்மக எழுதுனது ஒண்ணுதான் இதுக்குன்னு இருக்கு. அத அழிச்சுப்புட வேண்டாம்னு எழுது.' சொல்லிவிட்டுப் பிள்ளையின் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து வாங்கிக்கொண்டு போனாள்.

பொன்னுதுரை சொன்னதில் ஒன்று விடாமல் மேலே எழுதிவிட்டேன், என் வாக்கு தீர்ந்தது. இனி உன் அம்மா சொல்வது. அந்த நாலு வரியை எழுதாதே. வருகிற பெரிய டாக்டர் நியாயம் செய்வார் என்று நான் நம்பவில்லை, அவரையும் அதே புல்லில் உட்காரவைத்து டீ கொடுப்பார்கள், அவரும் குடிப்பார். உனக்குச் சான்றிதழ் கிடைக்காது, வேலை நிரந்தரமாகாமல் போகலாம், இந்த ஊர் உன்னைத் திரும்பக் கூப்பிடாது. எல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். வேலை போனால் வீட்டுக்கு வா, மாவு பிழிய ஆள் வேண்டியிருக்கிறது, சம்பளம் கிடையாது, திட்டு தாராளமாக உண்டு. ஆயா வாயைத் திறக்கமாட்டாள். சுப்புராமன் கையெழுத்துப் போட்டுவிட்டான். ஆச்சி கடலுக்கு அந்தப் பக்கம் போய்விடுவாள். டாக்டர் வரவில்லை என்று சொல்ல உன் மனு ஒன்றுதான் இருக்கிறது, அதையும் நீ எடுத்துக்கொண்டால் அந்தப் பிள்ளைக்கு மிச்சமிருப்பது ராகு காலம்தான். இந்தக் கடிதத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார், கோபம் என்று நினைத்தேன், தபால் தலை வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

எழுத்துப் பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள், உன்னைப் படிக்கவைத்தது அதற்குத்தான். பொங்கலுக்கு அங்கே மஞ்சள் கொத்து கிடைக்காவிட்டால் மஞ்சள் துண்டையாவது நூலில் கோத்துப் பானையில் கட்டு, தனியாக இருக்கிறோமே என்று வாயை மூடிக்கொண்டு பொங்காதே, பால் பொங்கும்போது சத்தமாகச் சொல், மலாய்க்காரர்கள் எட்டிப் பார்த்தால் பார்க்கட்டும். மழை இன்னும் அந்தப் பக்கம் விடவில்லை என்கிறார்கள், ஈரத் தலையோடு டூட்டிக்குப் போகாதே. சம்பளம் வந்ததும் எங்களுக்கு அனுப்பாமல் ஒரு நல்ல குடை வாங்கிக்கொள். பிள்ளையார் உன் கூடவே நிற்கட்டும், உன் கை தொட்டவர்கள் எல்லோரும் எழுந்து நடக்கட்டும்.

உன் நல்லதையே கேட்டுக்கொண்டிருக்கும்
வாயாடி அம்மா
பாக்கியலட்சுமி அப்பாசாமி